ஈயம் பார்த்த கண்ணுக்கு இன்னொரு பாறை: அடுக்குத் தீப்பாறைத் தாதுக்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டில் கல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் அது ஈயத்தில், அதாவது டின் என்னும் வெள்ளீயத்தில்தான் போய் முடியும். என் பாட்டிக்குக் காலையில் பால்வெட்டு, வெயில் சாய்ந்தால் ஆற்றோரம் டூலாங், அதாவது தட்டில் ஈயம் அலசுவது. தட்டைச் சுழற்றிச் சுழற்றி வெள்ளை மணலைக் கழித்துவிட்டு, அடியில் தங்கும் கறுப்புப் பொடியைத் தகர டப்பாவில் சேர்ப்பார். எனக்குத் தாது பார்க்கக் கற்றுக்கொடுத்த முதல் ஆள் அவர்தான். அவர் சொன்னதில் பாதியை நான் பிற்பாடு மறக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்துத் திண்ணையில் கல்தட்டோடு உட்காருவேன். படிவம் ஐந்து முடித்த பிள்ளைகள் நாலைந்து பேர் வருவார்கள். "பிளாட்டினம் எப்படி அங்கிள் உண்டாகுது? நம்ம மலையில இருக்குமா?" என்று கேட்டுக் கேட்டு, ஒருவழியாக இதை எழுத வைத்துவிட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் அடுக்குத் தீப்பாறையில் இருக்கிறது: பாறைக்குழம்பு ஆழத்தில் மெல்லக் குளிரும்போது கனிமங்கள் படலம் படலமாகப் பிரிந்து உறைந்த பாறை. கல்லூரியில் புவியியல் எடுக்கப் போகிறவருக்கும் சும்மா ஆர்வத்தில் கல் பொறுக்குகிறவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பாடப்புத்தக வரிசையில் போக மாட்டேன். எங்கே எனக்குத் தடுக்கியதோ அங்கே கொஞ்சம் நின்று பேசுவேன்.

முதலில் ஈயத்தை மறக்க வேண்டும்

நம் ஊருக்குக் கிழக்கே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல், அதாவது கிரானைட். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் குளிர்ந்த பாறைக்குழம்பு அது. அதில் சிலிக்கா அதிகம். குவார்ட்ஸ் பளபளக்கும், நிறம் வெளிர். அந்தக் குழம்பு குளிர்ந்து முடியும் தறுவாயில் மிஞ்சிய சுடுநீர் வெடிப்புகளில் ஓடி, கேசிட்டரைட் என்னும் ஈயத்தாதுவை விட்டுச் சென்றது. மழை அதை அரித்துக் கிந்தா பள்ளத்தாக்கில் கொட்டியது. நம் பாட்டிமார் தட்டில் தங்கியது அதுதான்.

ஆகவே நம் கண்ணுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பைக் கண்டால் நிற்பது, கிரானைட் விளிம்பில் தேடுவது, ஆற்று மணலை அலசுவது. அடுக்குத் தீப்பாறைக்கு இது எதுவும் உதவாது. அங்கே பாறை கறுப்பு அல்லது கரும்பச்சை. குவார்ட்ஸ் பெரும்பாலும் இல்லை. தாது வெடிப்பில் ஓடிய நரம்பாக இராது. பாறையோடு பாறையாக, ஒரு படலமாக, சில இடங்களில் ஒரு முழம் கனத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். குழம்பு குளிர்ந்து முடிந்த பிறகு வந்து சேர்ந்த உலோகம் அல்ல. குளிர்ந்துகொண்டிருக்கும்போதே குழம்பிலிருந்து பிரிந்தது.

பூமியின் மேலோட்டுக்கும் கீழேயிருந்து எழும்பிய, மக்னீசியமும் இரும்பும் மிகுந்த குழம்பு, ஏறத்தாழ 1,200 டிகிரி சூட்டில் ஒரு பெரிய அறையை நிரப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மெல்ல மெல்லக் குளிரும்போது எல்லாக் கனிமங்களும் ஒரே நேரத்தில் உறைவதில்லை. ஆலிவின் முன்னால், பைராக்சீன் அதற்குப் பின்னால், பிளாஜியோகிளேஸ் அதற்கும் பின்னால், கடைசிப் பந்தியில் மேக்னடைட் என்னும் இரும்புத்தாது. இந்த வரிசை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். ஆனால் வரிசை என்ற ஒன்று இருக்கும். அதைப் பாறையில் படிக்கத் தெரிந்தால் தாது எங்கே இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடலாம்.

கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். குளியலறை டைல் ஒரு துண்டு; அதன் மினுக்காத பின்பக்கம்தான் நமக்கு வேண்டும். அடுக்களைத் தராசு, எண்ணில் காட்டுவது. நூல், ஒரு கிண்ணம் தண்ணீர். கட்டம் போட்ட நோட்டு. அழியாத மை பேனா. சுத்தியல் இப்போதைக்கு வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் முதலில் வாங்குவது சுத்தியல்தான், உடைத்துக்கொள்வது விரலைத்தான்.

சமையல்மேடைக் கல்லில் தொடங்குங்கள்

ஆப்பிரிக்காவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. ஈப்போவில் சமையல்மேடைக்கும் கல்லறைக்கும் கல் அறுத்துக் கொடுக்கும் பட்டறைக்குப் போய், கழித்துப் போட்ட கறுப்புத் துண்டுகளைக் கேளுங்கள். கடைக்காரர் 'பிளாக் கிரானைட்' என்பார். பெயரில் மட்டும்தான் கிரானைட். பெரும்பாலும் அது காப்ரோவோ நோரைட்டோ டோலரைட்டோ; எல்லாம் குவார்ட்ஸ் அதிகமில்லாத கறுத்த தீப்பாறைகள். 'இம்பாலா பிளாக்' என்று விற்கும் கல் தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் பக்கத்திலிருந்து வருவது. அது புஷ்வெல்ட் என்னும், உலகிலேயே மிகப் பெரிய அடுக்குத் தீப்பாறையின் நடுப்பகுதிக் கல். அதாவது இந்தக் கட்டுரையின் கதாநாயகனுடைய ஒரு துண்டு ஈப்போவில் யாரோ ஒருவர் வீட்டு அடுக்களையில் கிடக்கிறது. அதன்மேல் இஞ்சி நசுக்கிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் 'குன்னம் பிளாக்' வேறு. அது அடுக்குப் பாறை அல்ல, ஒரு வெடிப்பில் நிரம்பி உறைந்த டோலரைட். இரண்டும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பளபளப்பாக்கிய முகத்தில் தண்ணீர் தடவி லென்ஸை வையுங்கள். நீளச் சட்டங்களாகச் சாம்பல் நிறத்தில் தெரிவது பிளாஜியோகிளேஸ். அவற்றுக்கு இடையில் கறுத்துப் பழுப்பாகத் தெரிவது பைராக்சீன். சட்டங்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கின்றனவா, கலைந்து கிடக்கின்றனவா? எந்தக் கனிமம் தன் சொந்த உருவத்தோடு நிற்கிறது, எது மிஞ்சிய சந்துகளை நிரப்பியிருக்கிறது? சொந்த உருவத்தோடு நிற்பது முன்னால் பிறந்தது. சந்தை நிரப்பியது பின்னால் வந்தது. இந்த ஒரு கேள்வியைப் பத்துக் கல்லில் கேட்டுப் பழகினால் பாதிப் பாடம் முடிந்தது.

எடை பார்க்கும் வித்தை

கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்துங்கள், ஆனால் அடியைத் தொட விடாதீர்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். கல்லின் உலர்ந்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 540 கிராம் கல், தண்ணீரில் 180 காட்டினால் அடர்த்தி 3.0.

நம் மலைக் கிரானைட் 2.6, 2.7-க்குள் நிற்கும். காப்ரோ 2.9, 3.0. ஆலிவினும் பைராக்சீனும் நிறைந்த பாறை 3.2, 3.3. குரோமியம் தரும் குரோமைட் கனிமம் 4.5-க்கு மேல், மேக்னடைட் 5.2. கேசிட்டரைட் 7-ஐத் தொடும். பாட்டி தட்டில் அது கடைசிவரை தங்கியதன் காரணம் அதுதான். குழம்பின் அடர்த்தியோ சுமார் 2.7. இந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பின்னால் ஒரு வம்பு இதில்தான் கிளம்பப் போகிறது.

கறுப்புக் கனிமங்களை டைலின் பின்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். மேக்னடைட் கறுப்புக் கோடு விடும், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். குரோமைட் பழுப்புக் கோடு விடும், காந்தம் அதைப் பெரிதாகச் சட்டை செய்யாது. கேசிட்டரைட் ஏறத்தாழ வெள்ளைக் கோடு. மூன்றும் கறுப்பு, மூன்றும் கனம், மூன்றின் கதையும் வேறு.

இதில் நானே மூக்கறுபட்டிருக்கிறேன். தொடங்கின காலத்தில் தோட்டத்துப் பழைய பட்டறைக்குப் பின்னால் கறுத்த, கனத்த, குமிழ் குமிழான கல் ஒன்றைக் கண்டெடுத்து, சல்ஃபைடு தாதுவேதான் (உலோகமும் கந்தகமும் சேர்ந்தது) என்று வாரம் முழுக்கக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டக் கங்காணி) ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது கொல்லன் உலையில வழிச்சுப் போட்ட கசடு. உங்கப்பா காலத்துல கத்தி அடிச்ச உலை." குமிழ் இருந்தால் கசடா என்று கேளுங்கள். ஆழத்தில் மெல்லக் குளிர்ந்த பாறையில் குமிழ் இராது.

கல்லைப் பார்க்காதீர்கள், தூணைப் பாருங்கள்

நம்மவர்களுக்கு இதுதான் கடினம். தாது என்றதும் ஒரு கல்லைக் கையில் எடுத்து, மின்னுகிறதா என்று பார்க்கிறோம். அடுக்குத் தீப்பாறையில் தனிக்கல் பேசாது. அது எந்தப் படலத்துக்கு மேலே, எதற்குக் கீழே இருந்தது என்பதுதான் பேசும். ஆகவே நோட்டில் ஒரு தூண் வரையப் பழகுங்கள். கீழிருந்து மேலாக, கட்டத்துக்கு இத்தனை மீட்டர் என்று. பக்கத்தில் எந்தக் கனிமம் எங்கே தொடங்குகிறது, எங்கே மறைகிறது என்று கோடு போடுங்கள். படலத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோலக் கூர்மையா, மெல்ல மாறுகிறதா என்பதையும் குறியுங்கள்.

பயிற்சிக்குப் புஷ்வெல்டின் தூணையே வரையலாம். 205 கோடி ஆண்டு வயது. பரப்பு சுமார் 65,000 சதுர கிலோமீட்டர். பேராக், பகாங், சிலாங்கூர் மூன்றையும் சேர்த்தால்தான் ஏறத்தாழ அவ்வளவு வரும். கனம் 7 முதல் 9 கிலோமீட்டர். அடியில் கீழ்மண்டலம்: ஆலிவினும் பைராக்சீனும் நிறைந்த கனத்த பாறைகள். அதற்கு மேல் 'கிரிட்டிகல்' மண்டலம் என்கிறார்கள். அதில்தான் குரோமைட் படலங்கள் ஒரு டசனுக்கு மேல் அடுக்கடுக்காக வருகின்றன. கீழ்க்குழு, நடுக்குழு, மேல்குழு என்று பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். மேல்குழுவின் இரண்டாவது படலம் யூஜி2. அதில் குரோமியத்தோடு பிளாட்டினமும் உண்டு. அதற்கும் மேலே, இந்த மண்டலத்தின் உச்சிப் பக்கமாக, மெரென்ஸ்கி ரீஃப். ரீஃப் என்றால் தாது தாங்கும் மெல்லிய படலம். பிறகு நடுமண்டலம்: கிலோமீட்டர் கணக்கில் காப்ரோ, தாது என்று சொல்ல அதிகமில்லை. நம் சமையல்மேடைக் கல் வருவது இங்கிருந்துதான். கடைசியாக மேல்மண்டலம்: இருபதுக்கும் மேற்பட்ட மேக்னடைட் படலங்கள், அவற்றுக்குள் வனேடியம்.

மெரென்ஸ்கி ரீஃப் என்ற பெயர் ஹான்ஸ் மெரென்ஸ்கி என்ற புவியியலாளருடையது. 1924-ல் ஒரு விவசாயி ஆற்றுமணலை அலசிக் கண்ட பிளாட்டினத் துகளை அவரிடம் அனுப்ப, அவர் அந்தப் படலத்தைத் தேடிக் கண்டுபிடித்து, நெடுந்தூரம் தொடர்ந்து போனார். தட்டைச் சுழற்றியதில் தொடங்கியது என்பது எனக்குப் பிடித்த விவரம். ஆனால் தட்டு அங்கே வாசல்வரைதான் கொண்டுவிட்டது. மீதியைத் தூண்தான் காட்டியது. பெரும்பாலான இடங்களில் அந்தப் படலம் ஒரு மீட்டருக்கும் குறைவு. பெரும்பரலான (பரல் என்றால் கனிமப் படிகம்) பைராக்சினைட், அதாவது பைராக்சீனே நிறைந்த பாறை; மேலும் கீழும் பென்சில் கோடுபோல மெல்லிய குரோமைட். டன் ஒன்றுக்கு பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் 5, 6 கிராம் அளவில். ஒரு பவுன் 8 கிராம் என்று நமக்குத் தெரியும். ஒரு டன் கல்லை உடைத்தால் முக்கால் பவுன்கூடத் தேறாது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்த ஒரு மீட்டருக்காகச் சில சுரங்கங்கள் 2 கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டிப் போகின்றன, ஆட்கள் குனிந்தபடியே வேலை செய்கிறார்கள்.

ஆகவே யாராவது தேநீர்க்கடையில் மினுங்கும் கல்லைக் காட்டி 'பிளாட்டினக் கல், பங்கு போடுறீங்களா அண்ணே' என்று கேட்டால், தே தாரிக்கைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

குரோமைட்: ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

கனமான குரோமைட் அடியில் மூழ்கிப் படலமாகிவிட்டது, டூலாங் மாதிரி; இவ்வளவுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு கணக்கு அந்த எண்ணத்தைக் கலைத்தது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு மீட்டர் கனமான குரோமைட் படலம். எடை 4.5 டன். அதில் சுமார் 31 சதவீதம் குரோமியம் என்றால் 1.4 டன். சரி, இந்தக் குரோமியம் குழம்பிலிருந்துதான் வர வேண்டும். இப்படிப்பட்ட குழம்பில் குரோமியம் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். அதில் பாதியைக் கறந்துவிட்டதாகத் தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் குழம்பு 2.7 டன், அதிலிருந்து கிடைப்பது 1.35 கிலோகிராம். 1.4 டன்னுக்கு எத்தனை கன மீட்டர்? ஆயிரத்துச் சொச்சம். அதாவது ஒரு மீட்டர் படலத்துக்கு மேலே ஒரு கிலோமீட்டர் உயரக் குழம்பு நின்றிருக்க வேண்டும்! அதுவும் வேறு எந்தக் கனிமமும் கூடவே விழாமல், குரோமைட் மட்டும் விழுந்திருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் பெரிய புதிர். சாதாரணமாக குரோமைட்டும் ஆலிவினும் கூட்டாகவே உறையும், அதிலும் ஆலிவின்தான் மிக மிக அதிகம். குரோமைட் தனியாக உறைய வேண்டுமென்றால் குழம்பை யாரோ தன் வழியிலிருந்து தள்ளிவிட வேண்டும். டி. என். இர்வின் 1975-ல் சொன்னது, அறையின் சுவரோ கூரையோ உருகிச் சிலிக்கா கலந்தது என்று. 1977-ல் அவரே மாற்றிச் சொன்னார்: அறைக்குள் ஏற்கெனவே கொஞ்சம் குளிர்ந்து முதிர்ந்த குழம்பு இருக்க, புதுக்குழம்பு ஒன்று உள்ளே பாய்ந்து கலந்தது. இரண்டுமே தனித்தனியாக ஆலிவினும் குரோமைட்டும் சேர்ந்து உறையும் நிலையில் இருந்தவைதான். ஆனால் கலந்ததும் கிடைத்த கலவை குரோமைட் மட்டும் உறையும் பக்கத்துக்குச் சாய்ந்துவிடுகிறது. அழுத்தம் மாறினாலும் இது நடக்கும் என்று வேறு சிலர். இன்னும் வாதம் ஓயவில்லை. ஆனால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வது ஒன்று உண்டு: அமைதியாகக் குளிர்ந்துகொண்டிருந்த அறையில் ஏதோ ஒரு குறுக்கீடு. ஆகவே உங்கள் தூணில் கனிம வரிசை திடீரென்று பின்னோக்கிப் போகும் இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். வரிசையில் பின்னால் உறையும் பாறைக்கு மேல் மறுபடி முன்னால் உறையும் பாறை வந்தால், புதுக்குழம்பு வந்திருக்கலாம். தாதுவுக்கும் அங்கேதான் வாய்ப்பு அதிகம்.

சல்ஃபைடு: செம்பனை ஆலையைத் தலைகீழாக நினையுங்கள்

நிக்கல், செம்பு, பிளாட்டினம் ஆகியவற்றின் கதை வேறு. இங்கே உறைவதற்கு முன்பே ஒரு பிரிவினை நடக்கிறது. செம்பனை ஆலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குப் புரியும். பழத்தைப் பிழிந்து வரும் சாற்றைத் தொட்டியில் தேங்க விட்டால் எண்ணெய் தனியாக மேலே மிதக்கும், கசடு அடியில் போகும். இரண்டும் திரவம், ஆனால் ஒன்றோடொன்று சேராது. பாறைக்குழம்பிலும் கந்தகம் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டால் இரும்பு-கந்தகத் திரவம் சொட்டுச் சொட்டாகப் பிரிகிறது. ஆனால் அது கனம்; மிதக்காமல் மூழ்கும்.

அந்தச் சொட்டின் குணம்தான் விசேஷம். நிக்கலையும் செம்பையும் குழம்பிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பிளாட்டினக் குடும்பத்தையோ விட்டுவைக்கவே வைக்காது: சமநிலையில் குழம்பில் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு, லட்சம் மடங்கு அடர்த்தியில் சொட்டுக்குள் போய்விடும். ஆகவே ஒரு சொட்டு எவ்வளவு குழம்பைச் சந்தித்தது என்பதுதான் அதன் தரத்தைத் தீர்மானிக்கும். கேம்பலும் நால்ட்ரெட்டும் 1979-ல் இதை ஒரு விகிதமாக எழுதினார்கள், ஆர்-காரணி என்பார்கள். கொஞ்சம் சல்ஃபைடு, நிறையக் குழம்பு: பிளாட்டினம் செறிந்த மெல்லிய ரீஃப். நிறைய சல்ஃபைடு, அதற்கேற்ற குழம்பு இல்லை: நிக்கலும் செம்பும் மிகுந்த, ஆனால் பிளாட்டினம் நீர்த்துப்போன கட்டித்தாது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள ஸ்டில்வாட்டர், 270 கோடி ஆண்டு வயதுடையது. அதன் ஜே-எம் ரீஃப் பலேடியத்துக்குப் பேர்போனது. ஜிம்பாப்வேயின் கிரேட் டைக் சுமார் 550 கிலோமீட்டர் நீளம், அகலமோ சில கிலோமீட்டர்தான். அதில் மேற்பக்கம் ஒரு சல்ஃபைடு மண்டலம். கனடாவின் சட்பரியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துப் படிப்பீர்கள். அங்கே 185 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி, மேலோடு உருகி, அந்த உருகலின் அடியில் சல்ஃபைடு தேங்கியது. குழம்பு வந்த வழி வேறு, தாது பிரிந்த விதம் ஒன்றே.

கல்லில் இதை எப்படிப் பார்ப்பது? லென்ஸில் பித்தளை மஞ்சளாகத் தெரிவது சால்கோபைரைட். வெண்கல நிறத்தில், காந்தம் லேசாக இழுப்பது பிர்ரோடைட். நிக்கல் தாங்கும் பென்ட்லண்டைட் அதற்குள் ஒளிந்திருக்கும், முதல் ஆண்டில் அதைப் பிரித்துக் காண முயன்று மனம் நோகாதீர்கள்.

மேக்னடைட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழம்பு முதிர முதிர இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்து, பெரும்பாலும் மேற்பகுதியில் உறைகின்றன. வனேடியம் அதற்குள் ஏறிக்கொள்கிறது. புஷ்வெல்டின் முக்கிய மேக்னடைட் படலம் சுமார் 2 மீட்டர். ஆனால் 'மேலேதான் இருக்கும்' என்று மனப்பாடம் செய்யாதீர்கள். சீனாவின் பான்ஷிஹுவாவில் இதே தாது அடிப்பகுதியில் கிடக்கிறது.

இனி அந்த வம்பு

முதல் பக்கத்தில் எழுதிய எண்களைப் பாருங்கள். பிளாஜியோகிளேஸின் அடர்த்தியும் சுமார் 2.7, குழம்பும் அதே அளவு. அப்படியானால் அது எப்படி மூழ்கி அடியில் படலமாகும்? கிரீன்லாந்தின் ஸ்காயர்கார்ட் பாறையை 1930-களில் ஆராய்ந்த வேஜரும் டீரும் 1939-ல் எழுதிய அறிக்கைதான் இந்தத் துறைக்கே அடித்தளம். பரல்கள் மூழ்கிப் படிகின்றன என்பது அவர்கள் போட்டுக் கொடுத்த படம். நல்ல படம்தான். ஆனால் அதற்குள் அடங்காத விஷயங்கள் நிறைய வந்துவிட்டன. மெரென்ஸ்கி ரீஃபில் குழிபோல இறங்கும் இடங்கள் உண்டு. அங்கே குரோமைட் படலம் செங்குத்துச் சுவரிலும், ஏன், தொங்கும் பாறையின் அடிப்பக்கத்திலும் ஒட்டியிருக்கிறது. மூழ்கி விழுவது கூரையின் அடியில் எப்படி ஒட்டும்?

ரப்பர்ப்பாலில் ஆசிட் விட்டதும் கட்டி கீழே போய்ப் படிவதில்லை, இருந்த இடத்திலேயே உறைகிறது. அதுபோலப் பரல்கள் தரையிலும் சுவரிலும் அங்கங்கேயே வளர்ந்தன என்று ஒரு கூட்டம் சொல்கிறது. டூலாங் கட்சி, ஆசிட் கட்சி என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். மூன்றாவதாகக் குவே லாப்பிஸ் (அடுக்கடுக்காக ஊற்றி அவிக்கும் பலகாரம்) கட்சி ஒன்றும் உண்டு: பெரிய அறையே இல்லை, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டையாகப் பாய்ந்த குழம்புகளின் அடுக்குத்தான் என்கிறார்கள். 2016-ல் புஷ்வெல்டின் சிர்கோன் பரல்களின் வயதை அளந்தவர்கள், மேலே இருக்கும் சில படலங்கள் கீழே இருப்பவற்றைவிட மூத்தவை என்று அறிவித்தார்கள். பலகாரத்தின் நடு அடுக்கைக் கடைசியாக ஊற்றியதுபோல! எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு அல்ல இது. என்னைக் கேட்டால், மூன்றுக்கும் இடம் இருக்கிறது. எந்தப் படலத்துக்கு எது என்றுதான் சண்டை போட வேண்டும். தொடங்குகிறவர் செய்ய வேண்டியது, 'கீழே இருப்பது மூத்தது' என்று தூணில் எழுதாமல் 'கீழே இருப்பது' என்று மட்டும் எழுதுவது.

நம்ம மலையில இருக்குமா?

இல்லை. சுங்கை சிப்புட்டைச் சுற்றிக் கிரானைட்டும் சுண்ணாம்புக் குன்றுகளும்தான். நம் தீபகற்பத்தில் புஷ்வெல்ட் மாதிரி எதுவும் கிடையாது. சபாவில் டார்வெல் வளைகுடாப் பக்கம் அடுக்கு காப்ரோவும் குரோமைட்டும் உண்டு. ஆனால் அது பழைய கடலடித் தரை மலையேறி வந்தது. அங்கே குரோமைட் நீண்ட படலமாகப் போகாமல் துண்டு துண்டாகக் கிடக்கும். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கறுப்பு மணலைப் பழைய ஈயக்குட்டை ஓரத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து 'குரோமைட்டா அங்கிள்' என்று கேட்ட ஒரு பையன் உண்டு. அது அமாங். ஈயம் எடுத்துக் கழித்த மணல்: இல்மனைட், சிர்கோன், மோனசைட். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் கதிர்வீச்சு உண்டு. ஒரு சிட்டிகை போதும், மூட்டையைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். குட்டைக் கரை சரியும், இறங்காதீர்கள். தோட்டத்துக்குள் போக ஆபிஸில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒரு வேலைநாளில் ஈப்போவுக்குப் போய், சுல்தான் அஸ்லான் ஷா சாலையில் கனிம, புவி அறிவியல் துறை வளாகத்திலுள்ள புவியியல் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஈயத்தாது பகுதியில் நம் ஆட்கள் மணிக்கணக்கில் நிற்பார்கள். நீங்கள் கரும்பச்சைக் கற்கள் இருக்கும் பக்கம் போங்கள்.

நாமக்கல்லுக்குப் போகிறவர்களுக்கு

நம்மில் பலருக்குத் தாத்தா பாட்டி ஊர் சேலம், நாமக்கல் பக்கம். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்று ஓர் ஊர். அங்கே சுமார் 250 கோடி ஆண்டு வயதுடைய அடுக்குத் தீப்பாறை ஒன்று வெளியே தெரிகிறது. வெள்ளை அனார்த்தோசைட் (பிளாஜியோகிளேஸே நிறைந்த பாறை), அதற்குள் கறுப்புக் குரோமைட் படலங்கள். பிளாட்டினக் குடும்ப உலோகங்களும் கண்டிருக்கிறார்கள். நிலவின் மேட்டுநிலமும் அனார்த்தோசைட்தான் என்பதால், சந்திரயான் பயணத்துக்குச் சோதனை மண் செய்ய இஸ்ரோ இங்கிருந்துதான் கல் எடுத்தது. பாட்டன் விட்டு வந்த ஊரில் இப்படியொரு பாறை கிடக்கிறது என்று எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது. சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டு நேரே அங்கே போனேன்.

போனால், இதுவரை படித்ததை அங்கே மாட்டிப் பார்க்கக் கொஞ்சம் திணறுவீர்கள். அந்தப் பாறை உறைந்த பிறகு ஆழத்தில் மறுபடி வெந்து, மடிந்து, நசுங்கியிருக்கிறது. படலங்கள் செங்குத்தாக நிற்கும், சில இடத்தில் வளைந்து திரும்பும். ஒரு குரோமைட் படலத்தின் எந்தப் பக்கம் ஒரு காலத்தில் தரையாக இருந்தது என்று கேட்டால் நின்றபடி சொல்ல முடியாது. தூண் வரைவதற்கு முன் ஒரு மணி நேரமாவது நடந்து, படலம் எங்கே மடிகிறது என்று தேடுங்கள். ஊரார் நிலம், கேட்டுவிட்டு நுழையுங்கள், உடைக்காதீர்கள், விழுந்து கிடக்கும் துண்டு போதும்.

பாறையை ஒட்டியே கிடக்கும் துண்டாக இருந்தால், எடுப்பதற்கு முன் அழியாத மையால் அதன்மேல் ஓர் அம்புக்குறி போடுங்கள், வானத்தைப் பார்த்து. தேதி, இடம், பக்கத்துப் படலம் எது என்று நோட்டில் எழுதுங்கள். உருண்டு வந்த கல்லாக இருந்தால் அம்பு போடாதீர்கள். 'உருண்டது' என்று எழுதிவிடுங்கள். என் கல்தட்டில் சித்தம்பூண்டித் துண்டுகள் ஏழு இருக்கின்றன. அம்பு இருப்பவை இரண்டு. பிள்ளைகளுக்குக் காட்டுவது அந்த இரண்டைத்தான்.